மண்டியிட்ட மாண்பு

“கல்லைக் கும்பிடாதே என்கிறீர்கள். ஆனால் நீங்களும் கல்லை நாட்டுகிறீர்கள், மலர் வைக்கிறீர்கள், தலை தாழ்த்தி நிற்கிறீர்கள். அந்தக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் என்ன வேறுபாடு?”

பகுத்தறிவு பேசும் இளைஞர் எவரும் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் இருந்திருக்க முடியாது. கேலிக்காகக் கேட்போர் உண்டு. அவர்களுக்கு விடை தேவையில்லை, கேலியே அவர்களுக்குக் கிடைத்த கூலி! உண்மையாகவே ஐயுற்றுக் கேட்போரும் உண்டு. அவர்களை ஏளனம் செய்து அனுப்பிவிடுவது எளிது, அறமாகாது. ஐயம் என்பது அறிவு நுழையும் வாயில். அந்த வாயிலைச் சாத்துவது நம் வேலையல்ல.

விடையை ஏட்டிலே தேடலாம். அறிஞர்தம் மேடையிலே கேட்கலாம். நாம் அதனைப் போலந்து நாட்டின் தலைநகரமாம் வார்சாவில், நாற்புறமும் குடியிருப்புகள் சூழ்ந்ததொரு திடலில், கருஞ்சாம்பல் நிறக் கற்சுவர் ஒன்றின் முன்னே கண்டோம்.

சென்ற கோடை விடுமுறையில், அந்நகரிலே பொறியாளராகப் பணியாற்றும் தமையனார் அழைத்ததன் பேரில் அங்கு சென்றிருந்தோம். பள்ளி ஆசிரியர்க்கு வெளிநாட்டுப் பயணம் வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தால் பெரிது. எனவே, கண்ணிற் பட்டதனைத்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் நமக்கு. அரண்மனை பார்த்தோம், விஸ்துலா ஆற்றங்கரை பார்த்தோம், இசைமேதை ஷோபனின் இதயத்தைத் தன்னகத்தே கொண்ட தேவாலயத் தூணையும் பார்த்தோம். ஆயினும் இன்று கண்ணை மூடினால் முன்னே வந்து நிற்பவை அவையல்ல.

வார்சாவிலே ‘பழைய நகரம்’ என்றொரு பகுதி இருக்கிறது. குறுகலான தெருக்கள், வண்ணம் தீட்டிய முகப்புகள், நடுவிலே சந்தைச் சதுக்கம். காண்போர் அதற்கு நானூறு ஆண்டு வயது சொல்வர், ஐந்நூறும் சொல்வர். “நம் பாட்டனாருக்கு என்ன வயதோ, அதுதான் தம்பி, இந்தத் தெருவுக்கும் வயது!” என்றார் தமையனார். உண்மை அதுதான். பழைய நகரம், புதிதாகக் கட்டப்பட்ட நகரம்.

1939 செப்டம்பர் முதல் நாள் இட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. அந்தத் திங்கள் முடிவதற்குள் வார்சா வீழ்ந்தது. ஐந்து ஆண்டுகள் அடிமை வாழ்வு. 1944 ஆகஸ்டு முதல் நாள், அடக்கி வைத்த சினமெல்லாம் பொங்கி, நகரம் கிளர்ந்தெழுந்தது. அறுபத்து மூன்று நாள் போராடியது! ஆற்றின் அக்கரை வரை வந்துவிட்ட சோவியத் படையிடமிருந்து போதிய துணை வந்து சேரவில்லை. மாண்ட பொதுமக்கள் ஒன்றரை இலட்சம் முதல் இரண்டு இலட்சம் வரை இருப்பர் என்று மதிப்பிடுகின்றனர். அக்டோபர் 2ஆம் நாள் கிளர்ச்சி அடங்கியது.

போர் ஓய்ந்த பிறகு நடந்ததுதான் கொடுமையினும் கொடுமை. எஞ்சிய மக்களை வெளியேற்றிவிட்டு, ஆளற்ற நகரத்தைத் தெருத்தெருவாக, வீடு வீடாக எரித்தனர். வெடி வைத்துத் தகர்த்தனர். பகைவன் அங்கே ஒளிந்திருக்கிறான் என்பதற்காக அன்று. அப்படியொரு நகரம் இருக்கிறது என்பதற்காக! சரணடைந்த பின்னர், அரிய கையெழுத்துப் படிகளைக் காத்துவந்த நூலகத்துக்கும் தீ வைத்தனர். 1945 சனவரியில் நாஜிகள் விரட்டப்பட்டபோது, நகரின் கட்டடங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 அழிந்து கிடந்தன.

தலைநகரத்தை வேறிடத்துக்கு மாற்றிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. மக்களோ, மூட்டை முடிச்சுகளோடு இடிபாட்டுக்கே திரும்பி வந்தனர். அதே ஆண்டிலே, தலைநகரைத் திரும்பக் கட்டுவதற்கென்றே ஓர் அலுவலகம் அமைக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் பெலோட்டோ என்னும் இத்தாலிய ஓவியர் தீட்டிய நகரக் காட்சிகளை எடுத்து வைத்துக்கொண்டனர். கட்டடக் கலை பயின்ற மாணவர்களும் ஆசிரியர்களும் அளந்து வரைந்து, போர்க்காலத்திலே உயிரைப் பணயம் வைத்து மறைத்துக் காத்த வரைபடங்களை எடுத்து விரித்தனர். 1953இல் சந்தைச் சதுக்கம் மீண்டும் திறக்கப்பட்டது. அரண்மனை 1971க்கும் 1984க்கும் இடையே எழுந்தது. 1980இல் யுனெஸ்கோ அந்தப் பழைய நகரை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது.

நம் இளைஞர்கள் இதனை நெஞ்சில் பதித்துக்கொள்ளல் நன்று. மாண்ட நகரம் மீண்டது மந்திரத்தாலன்று, மாயத்தாலன்று, வேண்டுதலாலும் அன்று. அளவுகோலும் வரைபடமும், செங்கல் சுமந்த கையும், சிந்திய வியர்வையும் சேர்ந்துதான் அதை மீட்டன!

அந்தப் பழைய நகரின் மதிலோரத்தில் ஒரு சிறு சிலை இருக்கிறது. சிறுவன் ஒருவன், தலையைவிடப் பெரிய தலைக்கவசம், கையிலே துப்பாக்கி. 1944 கிளர்ச்சியில் பங்குகொண்ட சிறார்களின் நினைவாக 1983இல் நிறுவியது. கடந்து செல்வோர் அதன் காலடியில் மலர் வைக்கின்றனர். தாய்மார் தம் குழந்தைகளை அதன் அருகில் நிறுத்திப் படம் எடுக்கின்றனர். நமக்கு மனம் ஒப்பவில்லை.

“ஏன் தம்பி முகம் சுளிக்கிறாய்? வீரச் சிறுவன் அல்லவா?” என்றார் தமையனார்.

“வீரம்தான் அண்ணா, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கவசம் அவன் தலைக்குப் பொருந்தவில்லையே! பொருந்தாததை அவன் தலையில் ஏற்றியது பெரியவர்களின் உலகமல்லவா? இதைப் பார்க்கும் பிள்ளை, ‘நானும் துப்பாக்கி ஏந்துவேன்’ என்று எண்ண வேண்டுமா? இதைப் பார்க்கும் தந்தை, ‘இனி எந்தப் பிள்ளை கையிலும் இது ஏறலாகாது’ என்று எண்ண வேண்டுமா?” என்றோம்.

“துப்பாக்கி ஏந்தாத பிள்ளைகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லையே!” என்றார் அவர்.

அதற்கு நம்மிடம் விடையில்லை. ஆனால் நம் கேள்வியும் மறையவில்லை. நினைவுச் சின்னம் என்றாலே நல்லது என்று கொள்வதற்கில்லை. எதை நினைக்கச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று ஆய்ந்து பார்க்கவே வேண்டும். 1944 கிளர்ச்சிக்கு வார்சாவின் நடுவே பெரிய நினைவுச் சின்னம் எழுந்தது எந்த ஆண்டு தெரியுமோ? 1989! போரிட்டவர்கள் அன்றைய ஆட்சிக்கு உகந்தவர்களாக இல்லை. ஆகவே நாற்பத்தைந்து ஆண்டுகள் கல்லுக்குக்கூட இடமில்லை. ஆட்சியாளர், சோற்றைப் பங்கிடுவது போல் நினைவையும் பங்கிடுகின்றனர். விழித்திருப்போர் அதைக் கண்டுகொள்வர்.

* * *

பழைய நகரிலிருந்து மேற்கே சிறிது தொலைவு நடந்தால் முரானுவ் என்னும் குடியிருப்புப் பகுதி. எளிய வீடுகள், மரங்கள், மிதிவண்டி ஓட்டும் பிள்ளைகள். ஆனால் ஒரு விந்தை: பல வீடுகள் மேட்டின்மேல் நிற்கின்றன, படியேறித்தான் வாயிலை அடைய வேண்டும். அது இயற்கையான மேடன்று. அள்ளி மாளாத அளவுக்கு இடிபாடு குவிந்திருந்ததால், அதன்மீதே வீடு கட்டினர்; இடிபாட்டையே அரைத்துக் கட்டிகளாக்கிச் சுவரும் எழுப்பினர். அந்தப் படிகளுக்கு அடியில் ஒரு வாழ்வு புதைந்து கிடக்கிறது. அது யூத மக்களின் வாழ்வு.

போருக்கு முன்னர் வார்சாவின் மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேர் யூதர். 1940 நவம்பரில் அவர்களைச் சுவர் சூழ்ந்த சேரி ஒன்றுக்குள் தள்ளி வாயிலை அடைத்தனர். நகரின் பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லாத இடத்தில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்! என்ன குற்றம் செய்தார்கள்? களவா? கொலையா? காட்டிக் கொடுத்தார்களா? ஒன்றுமில்லை. பிறந்தார்கள்! இன்ன தாய்க்கு, இன்ன தந்தைக்குப் பிறந்தார்கள் என்பதே குற்றப் பத்திரிகை, அதுவே தீர்ப்பு. பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் கோல் எந்த நாட்டிலே எவர் கையில் இருப்பினும், அதை நீட்டிக்கொண்டே போனால் அதன் மறுமுனை இந்தச் சுவரிலேதான் வந்து முட்டும்.

பசியும் நச்சுக் காய்ச்சலும் அந்தச் சுவருக்குள்ளே எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றன. பின்னர் 1942 சூலை 22 தொடங்கி இரண்டு திங்கள். நாள்தோறும் சரக்கு வண்டிகளில் அடைத்து, திரெபிளிங்கா என்னும் கொலைக்களத்துக்கு ஏற்றி அனுப்பினர். ஏறத்தாழ 2,65,000 பேர் அங்கே நச்சுக் காற்றுக்கு இரையாயினர்.

நாம் ஆசிரியத் தொழில் புரிவோர். ஆகவே அந்த வரலாற்றில் நம் நெஞ்சைச் சுட்டவை பள்ளியைப் பற்றிய செய்திகள்தாம். நாஜித் தலைவருள் ஒருவனான இம்லர் 1940 மே திங்களில் ஒரு குறிப்பு எழுதினான். கைப்பற்றிய கிழக்கு நாடுகளின் மக்களுக்கு எவ்வளவு கல்வி தரலாம் என்பது அதிலே ஒரு பொருள். நான்கு வகுப்புக்கு மேல் பள்ளி கூடாது. ஐந்நூறு வரை எண்ணத் தெரிந்தால் போதும். தன் பெயரை எழுதத் தெரிந்தால் போதும். படிக்கக் கற்பிக்கத் தேவையில்லை. செருமானியர்க்குக் கீழ்ப்படிவது கடவுள் வகுத்த கட்டளை என்பதை மட்டும் மறவாமல் கற்பிக்க வேண்டும். இதுதான் அவன் வகுத்த பாடத்திட்டம்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! துப்பாக்கியும் பீரங்கியும் வைத்திருந்தவன் எதைக் கண்டு அஞ்சினான்? ஐந்நூற்று ஒன்றைக் கண்டு அஞ்சினான்! எழுத்தைக் கூட்டிப் படிக்கும் குழந்தையைக் கண்டு அஞ்சினான். கல்வியை மறுப்பதும், மறுத்ததைக் கடவுளின் பெயரால் நியாயப்படுத்துவதும் ஆதிக்கக்காரர்க்கு எங்கும் கைவந்த கலை. அதனால்தான் போலந்து ஆசிரியர்கள் வீட்டு அறைகளிலே மறைவாக வகுப்பு நடத்தினர். பல்கலைக்கழகமே மறைவில் இயங்கியது. பிடிபட்டால் சிறை, அல்லது சாவு. சேரிக்குள்ளேயோ, குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றும் கூடங்களே பள்ளிகளாயின.

அங்கே யானுஷ் கோர்ச்சாக் என்றொரு பெரியார் இருந்தார். மருத்துவர், எழுத்தாளர், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர். அவருடைய இல்லத்திலே பிள்ளைகளுக்கென்று தனி நீதிமன்றம் உண்டு. ஆசிரியர் தவறினால் ஆசிரியர் மீதும் வழக்குத் தொடரலாம்! பிரம்பை நம்பாமல் பிள்ளையை நம்பிய ஆசான். 1942 சூலை 18ஆம் நாள், அந்த இல்லத்துப் பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தனர். எந்த நாடகம்? நம் இரவீந்திரநாத் தாகூர் எழுதிய ‘அஞ்சல் நிலையம்’! நோயுற்று அறைக்குள் அடைபட்ட சிறுவன், பலகணி வழியே உலகைப் பார்த்து, மன்னனின் மடலுக்குக் காத்திருக்கும் கதை. வங்கத்திலே பிறந்த கதை, வார்சாவின் சுவருக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்குத் தம் கதையாகவே இருந்திருக்கும். நான்கே நாளில் வண்டிகள் புறப்படத் தொடங்கின. ஆகஸ்டு முதல் வாரத்தில் அந்த இல்லத்தின் முறையும் வந்தது. தம்மைக் காப்பாற்ற நண்பர்கள் காட்டிய வழிகளையெல்லாம் மறுத்துவிட்டு, ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளோடு கோர்ச்சாக்கும் அவருடைய துணையாசிரியர்களும் நடந்து சென்று வண்டி ஏறினர். எவரும் மீளவில்லை.

வேறொரு செய்தி. இமானுவேல் ரிங்கல்பிளம் என்ற வரலாற்றறிஞர் அந்தச் சேரிக்குள்ளே ஒரு மறைவுக் குழு அமைத்தார். நாட்குறிப்பு, உணவுச் சீட்டு, பள்ளிக் கட்டுரை, சுவரொட்டி, நடந்த கொடுமைகளின் வாக்குமூலம் என அனைத்தையும் திரட்டினர். சாவு நெருங்கியபோது, ஒரு பள்ளியாசிரியரும் அவரிடம் பயின்ற இளைஞர் இருவரும் அவற்றைத் தகரப் பெட்டிகளில் அடைத்து ஒரு பள்ளிக் கட்டடத்தின் நிலவறையிலே புதைத்தனர். பின்னர் பால் சுமக்கும் கலங்களிலும் அடைத்துப் புதைத்தனர். புதைத்தவர் மாண்டனர், ரிங்கல்பிளமும் 1944இல் கொல்லப்பட்டார். பெட்டிகள் 1946இல் கிடைத்தன. இரண்டு பால் கலங்கள் 1950இல் கிடைத்தன. ஏறத்தாழ 35,000 பக்கங்கள்! துருவேறிய அந்தக் கலங்களுள் ஒன்றை, வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்திலே கண்ணாடிக்குப் பின்னே கண்டோம். அந்தக் கட்டடத்தின் தரையில் இன்றும் தீயின் வடு இருக்கிறது, துடைக்காமல் விட்டுவைத்திருக்கின்றனர். கருவூலம் என்றால் பொன்னும் மணியும் நிறைந்தது என்பர். பால் கலத்திலே தாளை நிறைத்து, “என்றேனும் எவரேனும் படிப்பர்” என்று நம்பி மாண்டார்களே, அதனினும் பெரிய கருவூலம் எது?

1943 ஏப்ரல் 19ஆம் நாள், எஞ்சியோரையும் ஏற்றிச்செல்ல நாஜிப் படை நுழைந்தபோது, சேரி எதிர்த்து நின்றது. சில நூறு இளைஞர்கள். கைத்துப்பாக்கிகள், கையெறி குண்டுகள், எரிநெய் நிரப்பிய புட்டிகள். எதிரே கவச வண்டிகள்! தலைவன் மொர்தெகாய் அனீலெவிச்சுக்கு வயது இருபத்து நான்கைத் தாண்டவில்லை. வெல்ல முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும், தெரிந்தே நின்றனர். ஏறத்தாழ நான்கு வாரங்கள்! வீட்டுக்கு வீடு தீயிட்டே அவர்களை அடக்க முடிந்தது.

* * *

அந்த எதிர்ப்பின் நினைவாக எழுந்ததுதான் நாம் கண்ட கற்சுவர். 1948 ஏப்ரல் 19இல், சுற்றிலும் இடிபாடு மட்டுமே கிடந்த வெளியிலே அதனைத் திறந்தனர். வார்சாவிலேயே பிறந்த நாதன் ராப்போபோர்ட் என்ற சிற்பி செய்தது. உயரம் பதினொரு மீட்டர். அந்தக் கல், நாஜிகள் தம் வெற்றிச் சின்னங்களுக்கென ஸ்வீடன் நாட்டிலிருந்து தருவித்து வைத்திருந்தது என்று கூறுகின்றனர். வெற்றிக்கென்று வாங்கிய கல், வீழ்த்தப்பட்டவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வரலாறு சில வேளை இப்படியும் கணக்குத் தீர்க்கிறது!

முன்புறத்திலே வெண்கலத்தில் போராளிகள். நிமிர்ந்த தலை, விரிந்த மார்பு, இறுகிய கை. பின்புறத்திலே கல்லில் செதுக்கிய மற்றொரு கூட்டம். குனிந்த தலை, தளர்ந்த நடை, குழந்தையை அணைத்த தாய், முதியோர். கொலைக்களம் நோக்கி நடத்தப்பட்டவர்கள் அவர்கள். மேலே கற்சுவரின் விளிம்பில் கூழாங்கற்கள். வந்து போனோர் வைத்துச் சென்றவை. மலர் வாடும், கல் வாடாது என்பது போல் யூதர் தம் இறந்தோர் நினைவிடத்தில் கல் வைப்பது வழக்கம்.

நாம் அங்கே நின்றபோது, ஓர் ஆசிரியை தம் மாணவர்களை அழைத்து வந்தார். மொழி விளங்கவில்லை, முறை விளங்கியது. முன்புறத்து வீரர்களிடம் அவர் முதலில் செல்லவில்லை. நேரே பின்புறம் அழைத்துச் சென்றார். குனிந்து நடக்கும் அந்தக் கூட்டத்தின் முன்னே வெகுநேரம் நிறுத்திவைத்தார். பிறகுதான் முன்புறம். கற்பிக்கத் தெரிந்தவர்! போராடியோரை மட்டும் காட்டினால், போராட இயலாமல் மாண்டோர் கோழைகள் என்று பிள்ளை எண்ணிவிடும். கையிலே குழந்தையோடு நடந்த தாயும், மாணவர் கை பற்றி நடந்த கோர்ச்சாக்கும் கோழைகளா? இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் ஒரு கல். இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் ஒரு வரலாறு.

இந்தக் கல்லின் முன்னேதான் 1970 டிசம்பர் 7ஆம் நாள், அன்றைய மேற்கு செருமனியின் தலைமை அமைச்சர் வில்லி பிராண்ட் வந்து நின்றார். இரு நாட்டுக்கும் இடையே உடன்படிக்கை கையெழுத்தான நாள் அது. மலர்வளையம் வைத்தார், அதன் நாடாக்களைச் சரிசெய்தார், பின்னே நகர்ந்தார். மரபு முடிந்தது என்று உடன் வந்தோர் எண்ணினர். அப்போது அவர், ஈரத் தரையிலே, இரு முழங்காலும் படிய மண்டியிட்டார்! ஏறத்தாழ அரை நிமிடம். பேச்சில்லை. பிறகு எழுந்து நடந்தார்.

தன்மானம் பேசுவோர் நாம். எவர் காலிலும் விழாதே, எவர் முன்னும் மண்டியிடாதே என்று மாணவர்க்குச் சொல்வோர் நாம். அப்படியாயின் இந்த மண்டியிடுதலை என்னென்பது?

பிராண்ட் யார் என்பதைப் பார்த்தால் விளங்கும். இட்லர் பதவி ஏறிய 1933ஆம் ஆண்டே, பத்தொன்பது வயது இளைஞராக, அந்த ஆட்சியை எதிர்த்து நாட்டை விட்டு வெளியேறி நார்வேயில் அடைக்கலம் புகுந்தவர். கொலையிலே அவருக்குப் பங்கில்லை. கொலைகாரரால் தேடப்பட்டவர் அவர்! குற்றம் புரிந்தோர் பலர் தம் வீடுகளிலே நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, குற்றம் புரியாதவர் வந்து மண்டியிட்டார். அவர் நாட்டிலே அதை எல்லோரும் வரவேற்கவில்லை. அன்றைய கருத்துக் கணிப்பொன்றில், நூற்றுக்கு 48 பேர் இது மிகையென்றனர். 41 பேரே தகுமென்றனர். அடுத்த ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. எனினும் மண்டியிட்ட அந்த நொடியில் அவருக்குப் பரிசு உறுதியில்லை, பழி மட்டுமே உறுதி!

காலில் விழுவோன் எதற்காக விழுகிறான்? பதவிக்காக, பரிவுக்காக, பயத்துக்காக. வலியவன் முன்னே எளியவன் விழுகிறான். அங்கே நடந்ததோ நேர்மாறானது. படையும் பணமும் உள்ள நாட்டின் தலைவர், எதையும் தரவியலாத, எதையும் பறிக்கவியலாத, மாண்டுபோன மக்களின் முன்னே மண்டியிட்டார். கேட்பதற்கு அவரிடம் வரமில்லை. ஒப்புக்கொள்வதற்கு ஒரு நாட்டின் பழி இருந்தது. தன்மானம் என்பது கழுத்தை எப்போதும் விறைத்து வைத்திருப்பதன்று; உண்மைக்கு முன்னே மட்டும் வளைவது. அந்த அரை நிமிடத்திலே வில்லி பிராண்ட் தாழவில்லை. அவருடைய நாடு சற்றே நிமிர்ந்தது.

இப்போது அந்த ஐயத்துக்கு வருவோம். அந்தக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் என்ன வேறுபாடு?

இந்தக் கல் தானாகத் தோன்றியது என்று எவரும் கதை கட்டவில்லை. செய்தவர் பெயர் தெரியும். நாட்டிய நாள் தெரியும். கல் வந்த வழியும் தெரியும். அந்தக் கல் காணிக்கை கேட்கிறது. இந்தக் கல் கணக்குக் கேட்கிறது. அதன் முன்னே நின்றால் பாவம் தொலையும் என்கின்றனர். இதன் முன்னே நின்றால் பொறுப்பு கூடுகிறது. அங்கே “ஏன்?” என்று கேட்பது குற்றம், இங்கே “ஏன்?” என்று கேளாமல் திரும்புவது குற்றம். அங்கே அருகில் செல்லவும் பிறப்பைப் பார்த்தனர். இங்கே, பிறப்பைப் பார்த்ததால் விளைந்த கேட்டைப் பார்க்க, எவரும் எவ்வளவு அருகிலும் செல்லலாம். என்றேனும் ஒருநாள் இந்தக் கல்லும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு வெறும் மலரை மட்டும் வாங்கத் தொடங்குமானால், அன்று இதுவும் அந்தக் கல்லாகிவிடும். அதைத் தடுப்பது கல்லின் வேலையன்று, நம் வேலை.

இன்னும் ஒன்று சொல்லி முடிப்போம். 1942 சனவரி 20ஆம் நாள், பெர்லின் நகரின் வான்சே என்னுமிடத்து மாளிகை ஒன்றில் பதினைந்து பேர் கூடி, ஐரோப்பிய யூதர் அனைவரையும் ஒழிக்கும் திட்டத்தை ஒழுங்கு செய்தனர். முரடர்களா? எழுத்தறியாதவர்களா? இல்லை. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள்! பட்டம் இருந்தது, பண்பு இல்லை. சட்டம் கற்றிருந்தனர்; அறம் கற்கவில்லை. ஒருபுறம் கோர்ச்சாக், மறுபுறம் இந்தப் பட்டதாரிகள். பள்ளி இருவரையும் உருவாக்க வல்லது. ஐந்நூறு வரை எண்ணினால் போதும் என்றானே, அவனுக்கு எதிராக நாம் ஆயிரம் வரை எண்ணக் கற்பித்துவிட்டால் மட்டும் போதாது. எண்ணப்படுவது மனித உயிர் என்றால் எண்ணும் கை நடுங்க வேண்டும் என்பதையும் கற்பித்தாக வேண்டும்.

வரலாற்றுப் பாடத்திலே, போரின் காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஆறு என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. நாமும் அப்படித்தான் படித்தோம்; அப்படித்தான் கற்பிக்கச் சொல்கின்றனர். காரணம் ஐந்தும் விளைவு ஆறும் இருக்கட்டும். அவற்றோடு, பள்ளி நிலவறையிலே தகரப் பெட்டிகளைப் புதைத்த இரண்டு மாணவர்களைப் பற்றியும் சொல்வோம். அவர்களுள் ஒருவனுக்கு வயது பத்தொன்பது, மற்றவனுக்குப் பதினெட்டு. இந்த ஏட்டைப் படிக்கும் இளைஞர் பலரின் வயதுதான்.

தோழர்களே! அருகில் அமர்ந்திருப்பவனைப் பெயரால் அழைக்காமல் பிறப்பால் அழைக்கும் குரல் ஒன்று, தேநீர்க் கடையிலோ, விடுதி அறையிலோ, திருமண வீட்டிலோ உங்கள் செவியில் விழலாம். அது கேலியாகவே இருக்கலாம். எல்லோரும் சிரிக்கவும் செய்யலாம். சிரிக்காதீர்கள். “ஏன் அப்படிச் சொன்னாய்?” என்று அங்கேயே, அப்போதே கேளுங்கள். வார்சாவின் சுவருக்கு முதற் செங்கல், 1940க்கு வெகு காலம் முன்னரே, இப்படியொரு சிரிப்பிலேதான் வைக்கப்பட்டது.